வன்கொடுமை வழக்கு நமக்கு, வணிக வழக்கு அவனுக்கா?

சட்டம் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு நம்ம ஆளுங்களே சொல்லித் தருகிற புத்திமதி ஒன்று உண்டு. "கிரிமினல் சைடு போ. வன்கொடுமைச் சட்டத்தைக் கரைச்சுக் குடி. நம்ம சனத்துக்குப் பயன்படு." மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். இந்தப் புத்திமதியை எதிர்த்துத்தான் எழுதுகிறேன்.

தலித் சட்ட மாணவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், நான் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் மூத்த தோழர் ஒருவர் எழுந்து கேட்டார்: "முதலாளிக்கு அக்ரிமெண்ட் எழுதற வக்கீல் நமக்கு எதுக்கு தோழர்?" பலரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்ததும் நாலைந்து பிள்ளைகள் வெளியே வந்து, பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, "அண்ணே, அந்த வேலைக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டார்கள். ஏன் ரகசியமாகக் கேட்க வேண்டும்? சாராயம் காய்ச்சுகிற வழியா கேட்டார்கள்? நல்ல சம்பளத்துக்கு ஆசைப்படுவதை ஒரு சேரிப் பிள்ளை ஒளித்து வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. ஊர்த் தெருப் பிள்ளை இதே கேள்வியை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் கேட்கிறான். அப்பா சித்தப்பாவுக்குப் போன் போடுகிறார். சித்தப்பா தன் கம்பெனி லீகல் மேனேஜரிடம் சொல்லி வைக்கிறார். வேலை முடிந்தது. அவனை யாரும் துரோகி என்று சொல்வதில்லை.

தோழர் கேட்ட கேள்விக்கு அன்றைக்குக் கூட்டத்தில் நேரம் தரவில்லை. இங்கே பதில் சொல்கிறேன்.

*

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் போய்ப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே கறுப்புக் கோட்டு, ஒரே வெள்ளைப் பட்டை. கோட்டைப் பார்த்தால் சாதி தெரியாது. கையிலிருக்கிற கட்டைப் பார்த்தால் தெரியும். பெயில் மனு, அடிதடி, மோட்டார் விபத்து நஷ்ட ஈடு, ஜீவனாம்சம், செக் திரும்பின வழக்கு, இலவச சட்ட உதவி எல்லாம் ஒரு பக்கம். கம்பெனி வழக்கு, வரி வழக்கு, காப்புரிமை, டிரேட்மார்க், நடுவர் தீர்ப்பாயம், பெரிய சொத்து வழக்கு எல்லாம் இன்னொரு பக்கம். எந்தப் பக்கத்தில் நம்ம ஆளுங்க அதிகம் என்று நான் சொல்லத் தேவையில்லை. தம்பு செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் படியேறி இறங்கின யாருக்கும் தெரியும். ஊரும் சேரியும் கோர்ட்டுக்கு உள்ளேயும் இருக்கிறது. நடுவில் வாய்க்கால் இல்லை, அவ்வளவுதான்.

இது யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த பக்கம் இல்லை. வழக்கு சொந்தம் வழியாக வருகிறது. நிலம் வைத்திருக்கிறவன் சொந்தக்காரன் வக்கீலானால் சொத்து வழக்கு வரும். கம்பெனி வைத்திருக்கிறவன் மச்சான் வக்கீலானால் கம்பெனி வழக்கு வரும். எங்கள் குடும்பத்தில் முதல் வக்கீல் நான். தாத்தா பண்ணையில் படியாள். அப்பா பஞ்சாயத்துத் தண்ணி மோட்டார் போடுகிறவர். நான் 2007-இல் பதிவு செய்தேன். என் சொந்தத்திலிருந்து எனக்கு வந்த வழக்கு என்ன தெரியுமா? பொய்க் கேசில் உள்ளே போட்ட சித்தப்பா மகன். கூலி பாக்கி கேட்டு அடி வாங்கிய மாமா. தேர் எங்கள் தெருவுக்கு வர வேண்டும் என்று கேட்டதற்காகப் பதினோரு பேர் மேல் போட்ட வழக்கு. எல்லாம் ஸ்டேஷன் வழக்கு. ஃபீஸ் கேட்க வாய் வராது. கேட்டாலும் அவர்களிடம் இருக்காது. என் அத்தை ஒருமுறை கோழி ஒன்றைக் கொண்டு வந்து கட்டிவிட்டுப் போனாள்.

சீனியர் எனக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தார். அதுவும் எல்லா மாதமும் இல்லை. அறை வாடகையே ஆயிரத்து ஐந்நூறு. நாலு வருஷம் அப்படி ஓடியது. என்னோடு பதிவு செய்த நம்ம பிள்ளைகளில் பாதிப்பேர் அதற்குள் கோட்டைக் கழற்றிவிட்டு ஊருக்குப் போனார்கள். ஒருவன் இன்றைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் என்னைவிட நன்றாகப் படித்தவன். ஜூனியர் வக்கீலுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூனில்தான் சொன்னது. அந்த வருஷம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் அதே தொகையைப் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. பதிவுக் கட்டணத்திலேயும் இதே கதை. 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர் சட்டம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைக்கு 125 ரூபாய் என்று சொல்கிறது. பார் கவுன்சில்கள் அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 30-இல் உச்சநீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது தப்பு என்று ஆனது.

இப்படி வாசலிலேயே நம்மைப் பட்டினி போட்டுவிட்டு, பிழைத்து நிற்கிறவனைப் பார்த்து "நீ சமூகத்துக்காக இலவசமாய் வாதாடு" என்கிறார்கள். சாதிக்காரன் சொன்னாலும் தப்பு. நம்ம தோழர் சொன்னாலும் தப்பு.

*

அண்ணல் படம் இல்லாத நம்ம வக்கீல் ஆபீஸ் கிடையாது. கையில் அரசமைப்புச் சட்டப் புத்தகம், நீலக் கோட்டு. அந்தக் கோட்டுக்குள்ளே இருந்த வக்கீல் என்ன வேலை பார்த்தார் என்று நாம் கேட்பதில்லை. 1923-இல் ரூபாய்ப் பிரச்சினை பற்றிய ஆய்வுக்காக லண்டன் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்ஸி. வாங்கினவர் அவர். அந்த வருஷமே பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். வழக்குகளைப் பிரித்துத் தருகிற சொலிசிட்டர்கள் தீண்டத்தகாத சாதி வக்கீலிடம் கட்டைத் தரவில்லை. அப்போது அவர் என்ன செய்தார்? 1925 முதல் 1928 வரை பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதி நேர ஆசிரியராகப் பாடம் நடத்தினார். என்ன பாடம்? வணிகச் சட்டம். ஒப்பந்தம், சரக்கு விற்பனை, பங்குதாரர் இதெல்லாம் பம்பாய் வியாபாரிகளின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மகார். அதே காலத்தில், 1926-இல், பார்ப்பனர்கள் தொடுத்த அவதூறு வழக்கில் பார்ப்பனரல்லாத தலைவர்களுக்காக வாதாடி வென்றதும் அவரேதான். 1927-இல் மகாடுக் குளத்தில் இறங்கியதும் அவரேதான்.

வணிகச் சட்டம் படித்தால் போராட்டக் குணம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் இந்த மூன்று வருஷத்தைப் படிக்கட்டும்.

*

சரி, அந்த வேலைதான் என்ன? இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நம்ம பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. ஊர்த் தெருப் பிள்ளைக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கிறது.

கம்பெனிக்கு உள்ளேயே மாதச் சம்பளத்துக்கு இருக்கிற வக்கீலை இன்-ஹவுஸ் கவுன்சல் என்கிறார்கள். கோர்ட்டுக்குப் போய் வாதாடுகிற வேலை இல்லை. வாதாட முடியவும் முடியாது. முழுநேரச் சம்பளக்காரன் வக்கீலாகத் தொழில் செய்யக்கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி 49. வேலையில் சேர்ந்தால் பதிவை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். 2025 அக்டோபர் 31-இல் உச்சநீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: கட்சிக்காரனுக்கும் வக்கீலுக்கும் இடையில் இருக்கிற ரகசியப் பாதுகாப்பு கோர்ட்டில் தொழில் செய்கிற வக்கீலுக்குக் கிடைக்கிற மாதிரி கம்பெனி வக்கீலுக்குக் கிடையாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வேலை என்னவென்றால் எழுத்து. ஒப்பந்தம் எழுதுவது, எதிராளி அனுப்பின ஒப்பந்தத்தில் கண்ணி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, நோட்டீசுக்குப் பதில் எழுதுவது, எந்தச் சட்டத்துக்கு எந்தத் தேதிக்குள் எந்தப் படிவம் போட வேண்டும் என்று பார்ப்பது, வாங்கப் போகிற நிலத்தின் தாய்ப்பத்திரத்தைத் தோண்டிப் பார்ப்பது. இந்த வேலைக்குக் கிரிமினல் தொழிலிலிருந்து பாலம் குறைவு. பத்து வருஷம் பெயில் மனு போட்டவனை எந்தக் கம்பெனியும் சட்டப் பிரிவுக்குக் கூப்பிடாது. ஆகவே எந்தத் துறையை எடுக்கிறோம் என்பதைப் படிக்கும்போதே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் ஒப்பந்தச் சட்டம். 1872-ஆம் வருஷத்துச் சட்டம்தான், இன்றைக்கும் எல்லாக் கம்பெனி வேலைக்கும் அதுதான் அடித்தளம். அடுத்தது கம்பெனிச் சட்டம். 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி எல்லாம் முழுநேரக் கம்பெனி செக்ரட்டரி வைத்தாக வேண்டும். 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலுத்தப்பட்ட மூலதனம் உள்ள மற்றக் கம்பெனிகளும் வைத்தாக வேண்டும். சட்டமே உண்டாக்கி வைத்திருக்கிற நாற்காலி அது. வக்கீல் படிப்போடு கம்பெனி செக்ரட்டரி பரீட்சையும் எழுதினவனுக்கு இரண்டு கதவு. மூன்றாவது தொழிலாளர் சட்டம். 2025 நவம்பர் 21-இல் பழைய 29 சட்டங்களை மடக்கி நாலு தொகுப்பாக நடைமுறைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். எல்லாக் கம்பெனியும் பழைய ஆவணங்களை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. நாலாவது, தனிநபர் தரவுப் பாதுகாப்பு. சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முப்பது வருஷ அனுபவசாலி இந்தத் துறையில் ஒருத்தனும் இல்லை. எல்லாரும் புதுசு. தாத்தா காலத்துச் செல்வாக்கு இல்லாத துறை கிடைப்பது அபூர்வம், அதை விடாதே.

ஐந்தாவது காப்புரிமை. பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு மூன்று வருஷ பி.எல். படிக்கிற நம்ம பிள்ளைகள் நிறைய. அந்த வேதியியல் டிகிரி வீணாய்ப் போச்சு என்று நினைக்கிறார்கள். காப்புரிமை ஏஜெண்ட் பரீட்சை எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும் என்கிறது சட்டம். வெறும் பி.ஏ., பி.எல். படித்தவனால் எழுத முடியாத பரீட்சை அது. ரத்தப் புற்றுநோய் மருந்து கிளீவெக்குக்குக் காப்புரிமை கேட்டு ஸ்விஸ் கம்பெனி நோவார்ட்டிஸ் விண்ணப்பம் போட்டது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். அது 2006-இல் மறுக்கப்பட்டது. கடைசியில் 2013 ஏப்ரல் 1-இல் உச்சநீதிமன்றமும் மறுத்தது. ஏழை வாங்குகிற மருந்தின் விலை ஒரு சட்டப் பிரிவின் ஒரு உட்பிரிவில் தொங்கியது. இதையும் 'முதலாளி சட்டம்' என்று தள்ளிவிடலாமா?

*

தோழரின் கேள்விக்கு வருகிறேன். முதலாளிக்கு அக்ரிமெண்ட் எழுதுகிற வக்கீல் நமக்கு எதற்கு?

அந்த அக்ரிமெண்டில் நாம் இருக்கிறோம் தோழர். முதலாளி யாரோடு அக்ரிமெண்ட் போடுகிறான்? ஆள் தருகிற கான்ட்ராக்டரோடு போடுகிறான். குப்பை அள்ளுகிற கான்ட்ராக்டரோடு போடுகிறான். கழிவுநீர்த் தொட்டி சுத்தம் பண்ணுகிறவனோடு போடுகிறான். அந்தத் தொட்டிக்குள் இறங்குகிறவன் யார் வீட்டுப் பிள்ளை? அவன் செத்தால் யார் பொறுப்பு என்று ஒரு வரி அந்த ஒப்பந்தத்தில் இருக்கும். 'எல்லாப் பொறுப்பும் ஒப்பந்ததாரரையே சாரும்' என்று. அந்த வரியை ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஒரு வக்கீல் எழுதுகிறான். வாழ்நாளில் ஒரு மலக்குழியையும் எட்டிப் பார்க்காதவன் எழுதுகிறான்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அந்த ஒப்பந்தம் என் மேசைக்கு வந்தது. மனிதர் இறங்கக்கூடாது, இயந்திரம் மட்டும்தான், ஆள் இறங்கினால் அந்த நிமிஷமே ஒப்பந்தம் ரத்து, பணம் கிடையாது என்று மாற்றி எழுதினேன். செலவு கூடியது. மேலதிகாரி கூப்பிட்டு, "என்னப்பா, இதுக்குப் போயி இவ்வளவு ஸ்ட்ரிக்டா?" என்றார். நான் அம்பேத்கரைப் பற்றி அவரிடம் பேசவில்லை. 2013-ஆம் வருஷத்து மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவையும் 9-ஆம் பிரிவையும் காட்டினேன். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மலக்குழிச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபர் 20-இல் உச்சநீதிமன்றம் சொன்னதையும் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். மனம் மாறிப் போடவில்லை, ஜெயிலுக்குப் பயந்து போட்டார். எனக்கு அது போதும். அந்த வளாகத்துத் தொட்டியில் அதற்குப் பிறகு ஆள் இறங்கவில்லை. வெளியே நின்று ஆயிரம் பேர் கோஷம் போட்டாலும் அந்த வரியை மாற்ற முடியாது என்று நான் சொல்லமாட்டேன். கோஷம் போட்டதால்தான் 2013-ஆம் வருஷத்துச் சட்டமே வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தை எடுத்து மேசை மேல் வைக்க உள்ளே ஒருத்தன் வேண்டும்.

இன்னொன்று நிலம். பஞ்சமர்களுக்கு நிலம் வேண்டும் என்று 1891-இல் அறிக்கை எழுதிய டிரெமென்ஹீர் செங்கல்பட்டுக் கலெக்டர். அதை ஒட்டி 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலத்தை மீட்கப் போய்த்தான் 1994 அக்டோபர் 10-இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இன்றைக்குக் கார் கம்பெனியும் செல்போன் கம்பெனியும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அந்த நிலங்களின் பத்திரத்தை 'சுத்தமாய் இருக்கிறது' என்று எழுதிக் கொடுப்பது யார்? கம்பெனி வக்கீல்.

ஒருமுறை என்னிடம் வந்த நிலக் கோப்பில் இன்றைய பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பளிச்சென்று இருந்தது. முப்பது வருஷத்துக்குத்தான் வில்லங்கம் பார்த்திருந்தார்கள். நான் பழைய செட்டில்மெண்ட் பதிவேடு வேண்டும் என்று உட்கார்ந்தேன். வந்தது. அதில் டி.சி. என்று இரண்டு எழுத்து இருந்தது. அந்த இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஆபீசில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், எங்க தாத்தாவுக்கும் தெரியும். நிபந்தனை நிலம், விற்பனை செல்லாது, வன்கொடுமைச் சட்டம் 3-ஆம் பிரிவில் நிலத்தை அபகரிப்பதும் குற்றம், வாங்கக்கூடாது என்று எழுதி வைத்தேன். கம்பெனி அந்த நிலத்தை விட்டுவிட்டது. பிறகு வேறொருவன் வாங்கி வேலி போட்டான் என்று கேள்விப்பட்டேன். நிலம் நம்ம சனத்துக்குத் திரும்பவில்லை. இதுதான் இந்த வேலையின் எல்லை. ஒரு கம்பெனியில் ஒரு தலித் வக்கீல் இருந்தால் இவ்வளவுதான் முடியும். ஐம்பது கம்பெனியில் ஐம்பது பேர் இருந்து, எல்லாரும் அந்த இரண்டு எழுத்தைத் தேட ஆரம்பித்தால் பஞ்சமி நிலத்தை வாங்க ஆள் கிடைக்காது.

*

"அப்போ வன்கொடுமை வழக்கை யார் நடத்துறது?" இது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி.

வெண்மணியில் 1968-இல் 44 பேரைக் கொளுத்தினவர்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. மேலவளவில் 1997-இல் முருகேசனையும் தோழர்களையும் வெட்டினவர்களுக்கு 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுக்க நம்ம வக்கீல்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2019-இல் அதில் 13 பேரை அரசே வெளியே விட்டது. இந்த வழக்குகளில் நின்ற வக்கீல்களின் காலைத் தொட்டுக் கும்பிடலாம். அவர்களைக் குறைத்து நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. வன்கொடுமை செய்தவன் சாதி இந்து. அந்த வழக்கை நடத்துகிற கடமை அரசாங்கத்தின் கடமை. சிறப்பு அரசு வழக்கறிஞரை வைக்கச் சொல்கிறது 1989-ஆம் வருஷத்துச் சட்டம். பாதிக்கப்பட்டவர் உரிமை என்று தனி அத்தியாயமே 2015-இல் சேர்த்தார்கள். குற்றம் அவன் செய்ய, வழக்கின் சுமையைப் பட்டினியோடு நம்ம பிள்ளை மட்டும் ஏன் தூக்க வேண்டும்? செத்த மாட்டைத் தூக்கினதும் நாம்தான், சாவுச் சேதி சொன்னதும் நாம்தான். ஊரில் யாரும் தொடாத வேலை நமக்கு. கோர்ட்டிலும் யாரும் தொடாத வழக்கு நமக்கா? சேவை என்று பெயர் மாற்றி வைத்தால் அது வேறு வேலை ஆகிவிடாது.

விருப்பப்பட்டு ஒருவன் வன்கொடுமை வழக்குக்குப் போகிறான் என்றால் அவன் தலைவன். வேறு வழி இல்லை என்று தள்ளிவிடப்பட்டுப் போகிறான் என்றால் அவன் கொத்தடிமை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. தேர்ந்தெடுக்கிற உரிமை இருந்தால்தான் தியாகத்துக்கும் மதிப்பு. வழக்கு நடத்தப் பணமும் வேண்டும். சாட்சியை மதுரைக்குக் கூட்டிப் போகிற பஸ் செலவிலிருந்து டெல்லி அப்பீல் வரை பணம். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? முதல் தேதி சம்பளம் வாங்குகிற நம்ம ஆளுங்க பத்துப் பேர் இருந்தால் ஒரு வழக்கறிஞரை முழுநேரமாக இந்த வேலைக்கென்று மரியாதையாக வைக்கலாம். கோழி கட்டிவிட்டுப் போகிற நிலையில் அவரை விடக்கூடாது.

*

இனி எதிர்ப்பக்கத்துக்கு ஒரு வார்த்தை. கம்பெனிக்காரர்கள் "எங்களுக்குச் சாதி கிடையாது, தகுதிதான்" என்கிறார்கள். தகுதியைப் பார்ப்போம். பெரிய கம்பெனிகளும் பெரிய சட்ட நிறுவனங்களும் வளாகத் தேர்வுக்குத் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத்தான் போகின்றன. அங்கே சேர கிளாட் பரீட்சை எழுத வேண்டும். அது ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. விண்ணப்பக் கட்டணமே நம்ம பிள்ளைக்கு 3,500 ரூபாய், பொதுப் பிரிவுக்கு 4,000. ஐந்நூறு ரூபாய்ச் சலுகை! சேர்ந்தால் படிப்புச் செலவு வருஷத்துக்கு லட்சக்கணக்கில். கோச்சிங் தனி. அரசு சட்டக் கல்லூரியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளையின் கல்லூரி வாசலுக்கு அந்தக் கம்பெனியின் கார் வருவதே இல்லை. பிறகு தகுதி தகுதி என்றால் என்ன அர்த்தம்?

உள்ளே போகிற இண்டர்வியூவில் சட்டக் கேள்வி பத்து நிமிஷம். "நேட்டிவ் எது? அங்க எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?" இது இருபது நிமிஷம். எனக்கு நடந்தது. ஒரு இடத்தில் "வெஜிடேரியனா?" என்று கேட்டார்கள். ஒப்பந்தச் சட்டத்தில் அது எத்தனையாவது பிரிவு என்று தெரியவில்லை. சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே மாதிரித் தகுதி போட்டு, பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். மேல்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வருகிற வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். உள்ளே நுழைந்து பேசிய பிறகு இல்லை, பெயரைப் பார்த்த உடனேயே. இதற்குப் பெயர் தகுதியா?

நிலம் சிப்காட் தர வேண்டும். சாலை அரசு போட வேண்டும். மின்சாரம், தண்ணீர், வரிச் சலுகை எல்லாம் அரசு தர வேண்டும். இட ஒதுக்கீடு என்று சொன்னால் மட்டும் "நாங்க தனியார்". அரசு நிலத்தில் உட்கார்ந்திருக்கிற கம்பெனியின் சட்டப் பிரிவில் எத்தனை பட்டியல் சாதியார் இருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் கணக்குக் காட்டச் சொல்லுங்கள். அரசு போடுகிற ஒப்பந்தத்திலேயே அதை ஒரு நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள். கூட்டும் பெருக்கும் வேலைக்கு உள்ளூர் ஆள் என்று கணக்குக் காட்டி ஏமாற்றுகிறார்கள். மேசை வேலையில் கணக்குக் கேளுங்கள். இயக்கங்கள் இந்தக் கோரிக்கையை எடுக்க வேண்டும்.

அதுவரை பொதுத்துறை ஒரு வாசல். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் சட்ட அதிகாரி பதவி உண்டு. அதுவும் கம்பெனிக்குள் இருக்கிற வக்கீல் வேலைதான், சம்பளமும் நல்ல சம்பளம். அங்கே பட்டியல் சாதிக்கு 15 சதவீதம், பழங்குடிக்கு 7.5 சதவீதம். சில நிறுவனங்கள் கிளாட் முதுகலைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து எடுக்கின்றன. அரசு வங்கிகளின் சட்ட அதிகாரி பதவிக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு இருக்கிறது. ஆனால் இந்த வாசலும் குறுகிக்கொண்டே வருகிறது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் போனபோது அங்கிருந்த இட ஒதுக்கீடும் சேர்ந்தே போனது. விற்கிறவர்கள் அதைத் தனியாக எழுதிக் காட்டுவதில்லை.

*

சட்டம் படிக்கிற தம்பிக்கும் தங்கைக்கும் சொல்கிறேன். முதல் வருஷத்திலேயே ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து 23, 27, 73, 74, 124 ஆகிய பிரிவுகளை மூலத்தில் படி, கைடில் படிக்காதே. ஆங்கிலம் பேச வரவில்லை என்று பயப்படாதே. இந்த வேலைக்கு முதலில் வேண்டியது எழுத்து ஆங்கிலம். தினம் ஒரு பக்கம் ஒப்பந்தத்தைக் கையால் எழுதிப் பார்த்தால் ஒரு வருஷத்தில் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. நீதிமன்றத்தை முற்றிலும் விடாதே. இரண்டு மூன்று வருஷம் சிவில் பக்கம் இரு. கோர்ட்டில் ஒரு ஒப்பந்தம் எப்படி உடைகிறது என்று பார்த்தவனுக்குத்தான் உடையாத ஒப்பந்தம் எழுத வரும். யாராவது உன்னைத் துரோகி என்று சொன்னால், "என் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு எந்த வழக்குக்கு வேண்டும், சொல்லுங்கள்" என்று கேள்.

ஏற்கெனவே கம்பெனிகளுக்குள்ளே போய்ச் சாதியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நம்ம ஆளுங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மறைப்பது ஏன் என்றும் தெரியும், அதைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஆபீசில் வருஷத்துக்கு நாலு மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். அந்த நாலு பெயரும் யாரோ ஒருவருடைய தங்கை மகன், யாரோ ஒருவருடைய பக்கத்து வீட்டுப் பெண். அடுத்த மே மாதம் அதில் ஒரு இடத்துக்கு அரசு சட்டக் கல்லூரியிலிருந்து நம்ம பிள்ளை ஒன்றின் பெயரை எழுதிக் கொடுங்கள். அதற்கு நீங்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தோழருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மாணவர் கூட்டத்தில் வன்கொடுமைச் சட்டத்துக்கு ஒரு நாள் வகுப்பு வைக்கிறீர்கள் அல்லவா? இரண்டாவது நாள் ஒன்றைச் சேருங்கள். நிலப் பத்திரம் படிப்பது எப்படி, ஒப்பந்தம் எழுதுவது எப்படி என்று நான் வந்து எடுக்கிறேன். பஸ் செலவும் வேண்டாம்.